இலை சொன்னால்தான் கிழங்கு

பூக்கும் பருவத்துப் புகையிலைச் செடியின் நுனியைச் சீவியெடுத்து, உருளைக்கிழங்குச் செடியின் அடித்தண்டின் மேல் ஒட்டுக் கட்டினால் என்ன ஆகும்? ஒட்டுப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒரே குடும்பம்தான். மேலே இருப்பதெல்லாம் புகையிலை இலை, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் உருளைக்கிழங்கு. ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த சோவியத் தாவரவியலாளர் மிகயில் சைலக்யான் தம் குழுவினரோடு இதைச் செய்து பார்த்து 1981இல் முடிவை வெளியிட்டார். அடித்தண்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது, பகல் நீண்டிருந்தால் கிழங்கே வைக்காத வகை. அதன் தலையில், நீண்ட பகலில் பூக்கும் புகையிலையை ஏற்றி, நீண்ட பகலிலேயே வைத்தார். மேலே புகையிலை பூத்தது. கீழே, வைக்கக் கூடாத காலத்தில், கிழங்கு திரண்டது. பகலைக் குறைத்துப் புகையிலையைப் பூக்கவிடாமல் செய்தபோது கிழங்கும் வரவில்லை.

புகையிலைக்குக் கிழங்கென்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அதன் இலையில் உருவான ஏதோ ஒன்று தண்டு வழியே கீழே இறங்கி, ‘இப்போது திரளலாம்’ என்று உருளைக்கிழங்குக்குச் சொல்லியிருக்கிறது. இலையிலிருந்து மொட்டுக்குப் போகும் இப்படியொரு பூப்புத் தூது இருந்தாக வேண்டும் என்று சைலக்யான் 1930களிலேயே சொன்னவர். அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தவர். அந்தத் தூதைக் கையால் பிடிக்க உலகம் எழுபது ஆண்டுகள் காத்திருந்தது. 2011இல் ஸ்பெயினைச் சேர்ந்த சலோமே பிராட்டின் குழு, உருளைக்கிழங்குக்குள் அதன் உருவத்தைக் காட்டியது. இந்தச் செடியிடம் ஒரே வார்ப்பில் செய்த இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஒன்று பூக்கச் சொல்கிறது. எஸ்பி6ஏ என்ற மற்றொன்று, இலையில் பிறந்து, சர்க்கரை போகும் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு வைக்கச் சொல்கிறது. அதே குழு, நெல்லைக் கதிர்விடச் செய்யும் மரபணுவை உருளைக்கிழங்குக்குள் செலுத்திப் பார்த்தது. பகல் நீண்டிருந்தும் செடி கிழங்கு வைத்தது. தஞ்சாவூர் வயலில் நெல்லைக் கதிர்விட வைக்கும் அதே சொல், ஆண்டீஸ் மலைக் கிழங்குக்கும் புரிகிறது! இதைப் படித்த நாளிலிருந்து உருளைக்கிழங்கை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

இவ்வளவு தூரம் போய் ஆரம்பித்ததற்குக் காரணம், சென்னையில் இருக்கும் என் அத்தை. மொட்டைமாடியில் இருபது குரோ பேக் வைத்துக் கத்தரி, வெண்டை, கீரை என்று நன்றாகவே எடுப்பவர். ஒரு வைகாசி மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏன்டா, உருளைக்கிழங்குச் செடி எவ்வளவு செழிப்பா வந்துச்சு தெரியுமா? இடுப்பு உயரம். இன்னிக்குப் பையைக் கவுத்துப் பார்த்தா கோலிக்குண்டு மாதிரி மூணே மூணு. நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“எப்ப நட்டீங்க அத்தை?”

“மாசி கடைசியில. கூடையில முளைவிட்டுக் கிடந்துச்சு, தூக்கிப் போட மனசு வரலை.”

அத்தை உரத்திலோ தண்ணீரிலோ எந்தத் தப்பும் செய்யவில்லை. மாடித் தோட்டக்காரர்களில் உருளைக்கிழங்கைத் தொட்டுப் பார்த்த பலரும் இதைத்தான் சொல்வார்கள்: செடி வருகிறது, கிழங்கு வரவில்லை. மண் சரியில்லை என்றும், விதை சரியில்லை என்றும் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியில்லாதது இரவு.

இந்தச் செடி பிறந்த இடம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெரு நாட்டின் தெற்கே, ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய பகுதி. தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம். அங்கிருந்த மக்கள் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிராக்கிவிட்டார்கள். அந்த ஏரி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 16 பாகையில் இருக்கிறது. சென்னை வடக்கே 13 பாகையில். ஆகவே பகலின் நீளம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கிழங்கு ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே கோடையின் பதினாறு மணி நேரப் பகலைக் கண்டு கிழங்கு வைக்க மறுத்தது. இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கிய பிறகே வைத்தது, அதற்குள் உறைபனி வந்து செடியைச் சுட்டது. நீண்ட பகலுக்கு இசைந்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. அந்த இசைவுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2013இல்தான் கண்டுபிடித்தார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. பகலைப் பொறுத்தவரை தமிழ்நாடு உருளைக்கிழங்குக்குத் தாய்வீடு மாதிரி.

ஆனால் டிட்டிகாக்காவில் இரவானால் உடம்பு விறைக்கும். சென்னையில் தை மாதத்திலும் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 21 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கிழங்கு திரள இந்தச் செடிக்கு மிகவும் பிடித்தது 15 முதல் 20 டிகிரி வரை. இரவு 20ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் கிழங்கு பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் சென்னை இரவு 25ஐயும் தாண்டும். அதிலும் மொட்டைமாடியின் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவெல்லாம் பையின் அடியில் கக்கிக்கொண்டிருக்கும்.

வெப்பம் எப்படித் தடுக்கிறது? இதில் இரண்டு கதைகள் பின்னிக்கிடக்கின்றன. முதலாவது சாதாரணக் கணக்கு. பகலில் இலை சர்க்கரை செய்கிறது, இரவில் செடி முழுக்க மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் மூச்சு வேகமாகும், செலவு கூடும், கிழங்குக்கு அனுப்ப மிச்சம் குறையும். அதோடு, வெப்பத்தில் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி செடிக்குள் கூடுகிறது. அது தண்டையும் இலையையும் நீட்டிக்கொண்டே போகும், கிழங்கைத் தள்ளிப்போடும். அத்தை வீட்டுச் செடி இடுப்பளவு உயர்ந்ததும், உள்ளே கோலிக்குண்டு கிடந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள். தழைச்சத்து அதிகமானாலும் இதேதான் நடக்கும். கீரைக்குப் போடுவதுபோல இதற்கும் வாரம் ஒருமுறை ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று ஊற்றிக்கொண்டிருந்தால் இலைதான் மிஞ்சும்.

இரண்டாவது கதை நுட்பமானது. இலை அனுப்பும் எஸ்பி6ஏ தூதைச் செய்வதற்கான செய்திப் படியைச் செடிக்குள் இருக்கும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ வழிமறித்து அழித்துவிடும். வெயில் கூடும்போது அந்தக் குட்டி ஆர்.என்.ஏயின் அளவும் கூடுகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2019இல் வெளியிட்டார்கள். அந்தக் குட்டி ஆர்.என்.ஏயைச் செயலிழக்கச் செய்த செடிகள் வெப்பத்திலும் கிழங்கு வைத்தன. ஆக, வெயிலில் செடிக்குத் தெம்பு இல்லாமல் போவது மட்டும் காரணமில்லை. செடியே வாயைப் பொத்திக்கொள்கிறது. கோடையில் கிழங்கு வைப்பது ஆபத்து என்று நினைத்து, குளிர் வரும்வரை பொறுக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். புவி சூடாகிக்கொண்டே போகும் காலத்தில், கோடிக்கணக்கானவர்கள் உண்ணும் ஒரு பயிரில் இந்தப் பூட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்தது சாதாரண விஷயமில்லை.

சமவெளியில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கமும் தாளவாடிப் பக்கமும் உழவர்கள் வயலில் இதைப் போடுகிறார்கள். அவை மேட்டு நிலங்கள், இரவில் குளிரும். அதைவிட எனக்கு வியப்பானது யாழ்ப்பாணம். கடல் மட்டத்தை ஒட்டிய குடாநாடு அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்த 1960களின் பிற்பகுதி முதல், அங்கே செம்மண் தோட்டக்காரர்கள் கிணற்று நீரை இறைத்து, மழைக்காலம் ஓயும் நேரத்தில் நட்டு, மார்கழி, தைப் பனியைப் பிடித்துக் கிழங்கெடுத்தார்கள். குளிர்காலம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த சில வாரங்களைத் துல்லியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாடித் தோட்டக்காரருக்கு அவர்கள்தான் ஆசான்கள்.

கணக்கு இப்படிப் போக வேண்டும். நட்டுச் சுமார் ஐந்து வாரத்தில் செடி கிழங்கு கட்டத் தொடங்கும். அந்த நேரம் ஊரின் மிகக் குளிர்ந்த இரவுகளோடு பொருந்த வேண்டும். சென்னையில் அது மார்கழி நடுவிலிருந்து தை கடைசிவரை. ஆகவே கார்த்திகை முதல் வாரத்தை ஒட்டி நட வேண்டும்; பெருமழை நாட்களில் பையில் தண்ணீர் நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோயம்புத்தூரில் தை மாத இரவு 19 டிகிரியை ஒட்டி வரும். அந்த இரண்டு டிகிரி வித்தியாசத்தை நான் என் பைகளில் கண்ணால் பார்க்கிறேன்.

இனி மண்ணுக்குள் போகலாம். அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும், மறுமுனையில் ஒரு சிறு தழும்பு. தழும்பு, தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம். கண்களைத் தொட்டுக்கொண்டே போனால் அவை சுருளாகச் சுற்றி ஏறுவது தெரியும். கிளையில் இலைகள் சுற்றி ஏறுகிற அதே ஒழுங்கு. ஒவ்வொரு கண்ணின் மேலும் புருவம்போல ஒரு வளைகோடு இருக்கிறதே, அது வளராமல் போன இலையின் சுவடு. கண் என்பது இலைக்கக்கத்து மொட்டு. சர்க்கரைவள்ளி வேர் பருத்தது. உருளைக்கிழங்கோ மண்ணுக்குள் பருத்த தண்டு. பள்ளிப் பாடத்தில் ‘தரைகீழ்த் தண்டு’ என்று மனப்பாடம் செய்திருப்போம். கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது.

முளைத்த செடியின் அடிக்கணுக்களிலிருந்து வெள்ளைக் கயிறுபோல ஓடுதண்டுகள் பக்கவாட்டில் கிளம்புகின்றன. இலையின் தூது வந்து சேரும்போது அவற்றின் நுனி நீள்வதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்குகிறது. தூது வருவதற்குள் நுனி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால், அது பச்சைக் கிளையாக மாறி மேலே போய்விடும். ஒரு கிளையைப் பெற்றோம், ஒரு கிழங்கை இழந்தோம். செடி உயர உயர மண் அணைப்பதன் பொருள் இதுதான்: ஓடுதண்டுக்கு இருட்டைக் கொடுப்பது.

தண்டின் எந்தக் கணுவும் கிழங்காக முடியும் என்பதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. போன ஆண்டு என் செடி ஒன்றின் அடித்தண்டு நோயில் நைந்துபோனது. இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மேலே இலைக்கக்கங்களில் ஊதாவும் பச்சையும் கலந்து, நெல்லிக்காய் அளவில் கிழங்குகள் உட்கார்ந்திருந்தன. காற்றில் தொங்கிய உருளைக்கிழங்கு! தூது வந்துவிட்டது, சரக்கும் கையில் இருக்கிறது, மண் கிடைக்கவில்லை. கிடைத்த கணுவில் வைத்துவிட்டது. அவற்றைச் சாப்பிடக் கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மண் அணைப்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் பரவியிருக்கிறது. நாலடி உயரப் பையை மண்ணால் நிரப்பிக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வைக்கும் என்று காணொலிகளில் காட்டுகிறார்கள். பெரும்பாலான ரகங்கள், விதைக்கிழங்குக்குச் சற்று மேலே ஒரு சாண் மண்ணுக்குள்தான் கிழங்கு கட்டும். ஒன்றேகால் அடி உயரம், அதே அகலம் உள்ள பை போதும். பாதிக்கும் குறைவாக நிரப்பி நட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் அணைத்தால் வேலை முடிந்தது.

விதைக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

நாம் நடுவது விதையே அல்ல, தாய்ச்செடியின் தண்டுத் துண்டு. அதனால் முளைப்பது தாயின் அச்சு அசல் நகல். நல்ல குணமும் அப்படியே வரும், உடம்பில் ஒளிந்திருக்கும் நோயும் அப்படியே வரும். அயர்லாந்து ஏழைகள் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். 1845இல் பின்பருவக் கருகல் நோய் வந்தபோது, ஒரு செடியைச் சாய்த்தது எல்லாச் செடியையும் சாய்த்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். ஆண்டீஸ் உழவர்கள் ஒரே வயலில் பல நிறத்தில், பல வடிவத்தில் கலந்து நடுவது இன்றும் வழக்கம். 1971இல் பெருவின் லிமா நகரில் தொடங்கப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு மையம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களைக் காத்துவருகிறது.

நம் நீலகிரிக்கு உருளைக்கிழங்கு வந்தது 1820களில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவனின் தோட்டம் வழியாக. படகர்கள் அதைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டிகள் அதனால் பெயர்பெற்றன. 1961இல் இங்கிலாந்து விஞ்ஞானி எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் நீலகிரி மண்ணில் ஒன்றைக் கண்டார்: உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு. பெண் புழு வேரில் ஒட்டிச் சாறு குடிக்கும். செத்தபின் அதன் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கெட்டியான கூடாகிவிடும். குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் கூடு மண்ணில் இருபது ஆண்டுகூடக் காத்துக்கிடக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருளை உணர்ந்தால்தான் முட்டைகள் பெருமளவில் பொரியும். மலையின் மண்ணே நோயாளியானது போன்ற நிலை. நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. உதகைக்கு அருகே முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவோடு போராடியே வாழ்ந்தது எனலாம். அங்கே நடந்த உழைப்பின் பலனாக, புழுவை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா 1985இல் வெளிவந்தது.

இந்தப் போராட்டத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. கும்பகோணத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் 1949இல் வாகனிங்கன் போய், காட்டு உருளைக்கிழங்கு இனங்களிடமிருந்து இதே நூற்புழுவை எதிர்க்கும் குணத்தைப் பயிருக்குள் கொண்டுவர முடியுமா என்று ஆராய்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். அதுவும் உருளைக்கிழங்கு இனங்களின் மரபியலில்தான். அவர் எம்.எஸ். சுவாமிநாதன். நெல், கோதுமையோடு சேர்த்தே நாம் அவரை நினைக்கிறோம். அவருடைய முதல் காதல் உருளைக்கிழங்கு என்பதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டுத் தோட்டத்துக்கு இதனால் என்ன? மலையிலிருந்து வரும், மண் ஒட்டிய கிழங்கை விதையாக நடாதீர்கள். சமைத்துச் சாப்பிடலாம், புழு மனிதருக்கு எதுவும் செய்யாது. பையில் இருக்கும் மண் என்றைக்காவது கீழே கொட்டப்படும், அது எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. வெயிலைத் தாங்குவதற்கென்றே 2006இல் குஃப்ரி சூர்யா என்ற ரகம் வந்திருக்கிறது. ஆனால் நாலு பைக்கு வேண்டிய அரைக்கிலோ விதையை வீட்டுக்காரருக்கு யார் தருகிறார்கள்? தோட்டக்கலைப் பண்ணைகள் தக்காளி நாற்று தருவதுபோல, கார்த்திகையில் சிறு பொட்டலங்களாக நல்ல விதைக்கிழங்கு தந்தால் எத்தனையோ மாடிகளுக்கு உதவும். அதுவரை கடைக்கிழங்குதான் கதி. அதில் முளையை அடக்கும் மருந்து தெளித்திருந்தால் எத்தனை நாள் வைத்தாலும் சரியாக முளைக்காது. நாலைந்து கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, முளைப்பதைப் பொறுக்க வேண்டியதுதான்.

அறுவடையான கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். உறக்கம் தெளிந்த கிழங்கை இருட்டில் வைத்தால் வெளிறிய முளை நீளமாகப் போகும், கை பட்டதும் ஒடியும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால், இரண்டு வாரத்தில் குட்டையான, பருத்த, பச்சையும் ஊதாவும் கலந்த முளை வரும். அதுதான் வேண்டியது. கோழிமுட்டை அளவுக் கிழங்கை முழுதாக நடுங்கள். பெரிதானால் இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெட்டுவாயில் தக்கைபோல ஒரு படலம் கட்டும். நமக்குக் காயத்தில் பொருக்கு கட்டுவதுபோல. ஈரக்காயத்தோடு நட்டால் அழுகும்.

மண் இலேசாக இருக்க வேண்டும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு போதும். சாம்பலை அள்ளிப் போடும் வழக்கத்தை மட்டும் இதற்கு விட்டுவிடுங்கள்: மண் காரமானால் கிழங்கின் தோலில் சொறி விழும். கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த பழைய மண்ணும் வேண்டாம். எல்லாம் ஒரு குடும்பம், வாடல் நோய்க் கிருமி அதிலேயே தங்கியிருக்கும். கிழங்கு கட்டத் தொடங்கும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஈரம் சீராக இருக்க வேண்டும். காயவிட்டு ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், சொறியும் கூடும்.

சென்னை மாடிக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. பையைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி உயர்த்தி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். மேல்மண்ணில் காய்ந்த இலைச்சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மாலையில் தண்ணீர் ஊற்றுங்கள். காலை வெயில் முழுதாகக் கிடைத்து, பிற்பகலில் சுவர் நிழல் விழும் இடமென்றால் உத்தமம். ஒரு டிகிரி, அரை டிகிரி குறைப்பதற்காகத்தான் இத்தனையும். அந்த அரை டிகிரிக்குச் செடி மதிப்புக் கொடுக்கிறது.

காற்றில் தொங்கிய கிழங்கைச் சாப்பிடக் கூடாது என்றேனே. வெளிச்சம் பட்ட கிழங்கில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. பச்சையம் உண்டாகிறது, அது எந்தக் கீரையிலும் இருப்பது, தீங்கில்லை. கூடவே சோலனின், சாக்கோனின் என்ற கசப்பு நஞ்சுகளும் கூடுகின்றன. அவை நிறமற்றவை. பச்சை நிறம் அவை இருக்கலாம் என்பதற்கான அடையாளம். நூறு கிராம் கிழங்கில் 20 மில்லிகிராம் வரை என்பதே பொதுவாகப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பச்சையான தோலில் அது பலமடங்கு தாண்டக்கூடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. இலேசாகப் பச்சை படர்ந்தால் தோலைக் கனமாகச் சீவலாம். உள்வரை பச்சையாக இருந்தாலோ, வாயில் கசந்தாலோ எறிந்துவிடுங்கள். இலையிலும் நஞ்சு உண்டு. மணத்தக்காளிக் கீரையும் இந்தக் குடும்பம்தானே என்று யாரும் இதன் தழையைக் கடைந்துவிட வேண்டாம். அரிதாகச் செடி பூத்துக் காய்த்தால், குட்டித் தக்காளிபோல் பச்சைக்காய் தொங்கும். குழந்தைகள் பறித்துத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தக்காளிபோல் இருப்பது தற்செயலும் அல்ல. 2025இல் சீன விஞ்ஞானி சான்வென் ஹுவாங்கின் குழு வெளியிட்ட ஆய்வு, உருளைக்கிழங்கு வம்சமே ஒரு கலப்பு மணத்தில் பிறந்தது என்கிறது. ஏறக்குறைய 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தக்காளியின் முன்னோரும், எட்டியூபரோசம் என்ற இன்னொரு தென்னமெரிக்கச் செடியின் முன்னோரும் கலந்தன. இரண்டில் எதற்கும் கிழங்கு கிடையாது. கிழங்கு வைக்கச் சொல்லும் எஸ்பி6ஏ தக்காளி வழியிலிருந்து வந்தது. மண்ணுக்குள் ஓடும் தண்டை வளர்க்கும் மரபணு மற்றதிடமிருந்து வந்தது. சொல் ஒருவரிடம், கேட்கும் காது இன்னொருவரிடம். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தபோதுதான் உலகின் முதல் உருளைக்கிழங்கு திரண்டது. ஆண்டீஸ் மலை உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. உணவைக் குளிரிலிருந்து ஒளித்து மண்ணுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த அந்தக் குழந்தை, பெற்றவர்கள் ஏற முடியாத உயரங்களுக்கு ஏறியது.

அத்தை அடுத்த கார்த்திகையில் நான்கு பைகளில் நட்டார். தை மாதம் முழுக்க விடியற்காலையில் மாடிக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்து எனக்கு எண்ணை அனுப்புவார்: 20, 21, 19, 20. மாசி இறுதியில் இலை மஞ்சளானதும் தண்டை அறுத்துவிட்டு, தோல் முற்றுவதற்காகப் பத்து நாள் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைக்கச் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார்.

“நாலு பையிலயும் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ. பெருசு ஒண்ணு உள்ளங்கை அளவு இருக்குடா.”

“சென்னைக்கு அது நல்ல விளைச்சல் அத்தை.”

“இதுல நாலு எடுத்து அடுத்த கார்த்திகைக்கு வெச்சுக்கட்டுமா?”

முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லத்தான் வேண்டியிருந்தது. கார்த்திகைக்கு இன்னும் எட்டு மாதம். கிழங்கின் உறக்கம் வைகாசி, ஆனியிலேயே கலைந்துவிடும். அந்த வெயிலில் முளைத்துச் சுருங்கி, ஆடிக்குள் ஒன்றுமில்லாமல் போகும். இந்தியச் சமவெளி முழுக்கவே விதைக்கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில்தான் தூங்கவைக்கிறார்கள்.

“சரி, அப்ப எல்லாத்தையும் செஞ்சிடறேன்” என்றார். காலியான பைகளில் தட்டைப்பயறு ஊன்றப் போவதாகவும் சொன்னார். வெயில் அதற்குப் பிடிக்கும்.